கப்பலின் அணியத்தை எல்லோருக்கும் விட்டுவையுங்கள்: சொகுசுக் கப்பல் நிறுவனங்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய கப்பல் நிறுவனத் தலைவர்களுக்கும், புதிய கப்பல்களின் தள வரைபடங்களைத் தீர்மானிக்கும் வடிவமைப்பாளர்களுக்கும் வணக்கம்.

சிங்கப்பூரில் வசிக்கும் நான் இருபது ஆண்டுகளாக உங்கள் கப்பல்களில் பயணம் செய்து வருகிறேன். சன்னல் இல்லாத உட்புறக் கேபினில் தொடங்கி, பிறகு பால்கனி கேபின்களுக்கு மாறி, பிள்ளைகள் வேலைக்குப் போய்க் குடும்பச் செலவு குறைந்த பின் ‘சூட்’ எனப்படும் பெரிய சொகுசு அறைகளுக்கு வந்து சேர்ந்தேன். இன்று நீங்கள் ‘கப்பலுக்குள் ஒரு கப்பல்’ என்று விற்கும் தனிப்பகுதிகளில் பலவற்றில் தங்கியிருக்கிறேன். அவற்றை ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் பார்த்து, எங்கள் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் எந்தக் கப்பலில் எந்த அறையை எடுக்கலாம் என்று சொல்லும் வேலையும் எப்படியோ என்னிடம் வந்து சேர்ந்துவிட்டது. 2022 ஜூனில் சென்னைத் துறைமுகத்திலிருந்து கோர்டிலியா எம்பிரஸ் என்ற உல்லாசக் கப்பலின் பயணங்கள் தொடங்கிய பிறகு, தமிழ்நாட்டு உறவினர்களும் இத்தகைய கேள்விகளோடு தொலைபேசியில் அழைக்கிறார்கள். அந்த அனுபவத்தை வைத்துக்கொண்டு ஒரேயொரு கோரிக்கையை உங்கள் முன் வைக்க விரும்புகிறேன்.

கூடுதல் கட்டணம் கொடுப்பவர்களுக்குத் தனி உணவகமும் தனி நீச்சல் குளமும் தனி லவுஞ்சும் கொடுப்பதை நான் குறை சொல்லவில்லை. நானே அவற்றுக்குப் பணம் கட்டுகிறேன். ஆனால் அந்தத் தனிப்பகுதியைக் கப்பலின் முன்பக்க உச்சியில் வைத்து, கப்பல் போகும் திசையை நேராகப் பார்க்கக்கூடிய இடத்தை மற்ற எல்லாப் பயணிகளுக்கும் மூடிவிடாதீர்கள் என்பதுதான் என் வேண்டுகோள். நம் கடலோர மீனவர்கள் கட்டுமரத்தின் முன்பகுதியை அணியம் என்றும் பின்பகுதியை அமரம் என்றும் சொல்வார்கள். அந்தச் சொற்களிலேயே சொல்வதானால், அணியம் எல்லோருக்கும் பொதுவாக இருக்கட்டும். எங்களை அமரத்துக்கு அனுப்புங்கள்.

இந்த எண்ணம் எங்கிருந்து வந்தது என்பதைச் சொல்லியாக வேண்டும். 2005 டிசம்பரில் அம்மாவையும் பெரியம்மாவையும் அழைத்துக்கொண்டு சூப்பர்ஸ்டார் விர்கோ கப்பலில் பினாங்குக்குப் போனேன். 1999இல் கட்டப்பட்டு, சிங்கப்பூரிலிருந்து பல ஆண்டுகள் ஓடி, இந்த வட்டாரத்தில் ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்கு முதல் கடற்பயணத்தைத் தந்த கப்பல் அது. எங்களுடையது இருப்பதிலேயே மலிவான கேபின்; விளக்கை அணைத்தால் இரவா பகலா என்றே தெரியாது. விடியற்காலையில் அம்மா எங்களை எழுப்பி, முன்பக்கத்தில் 12ஆம் தளத்தில் இருந்த ‘கேலக்ஸி ஆஃப் தி ஸ்டார்ஸ்’ லவுஞ்சுக்கு அழைத்துப் போனார். கதவில் யாரும் அட்டை கேட்கவில்லை. சாய்வான பெரிய கண்ணாடிகளுக்கு அப்பால் கடல் சாம்பல் நிறத்தில் கிடந்தது. மெல்ல வெளுத்தபோது வலப்பக்கம் ஜார்ஜ் டவுனின் கட்டடங்களும், இடப்பக்கம் பட்டர்வொர்த் கரையும், தொலைவில் இரண்டையும் கட்டிப்போட்டது போலப் பினாங்குப் பாலமும் தெரிந்தன. அம்மா முந்தானையால் கண்ணாடியின் பனிமூட்டத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார். அது உள்ளே படிந்ததல்ல, வெளியே படிந்தது என்று பெரியம்மா சொல்லியும் கேட்கவில்லை. எங்களுக்குப் பக்கத்தில் நின்ற ஒரு சீன முதியவர், தாம் பிறந்த தெரு எந்தப் பக்கம் என்று அம்மாவுக்குக் கையை நீட்டிக் காட்டினார். அவர் எந்த வகைக் கேபினில் இருந்தார் என்பது எங்களுக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டிய தேவையும் எழவில்லை.

அம்மா இப்போது இல்லை. சில ஆண்டுகளுக்கு முன் பெரியம்மாவை வேறொரு கப்பலில் மறுபடி அழைத்துப் போனேன். கப்பலின் பெயர் இங்கே தேவையில்லை. இந்தக் குறை ஒரு கப்பலோடு நிற்பதுமில்லை. நானும் மனைவியும் சூட்டில் இருந்தோம். பெரியம்மாவுக்கும் அவருடைய மகளுக்கும் அவர்கள் விருப்பப்படியே நடுக்கப்பலில், லிஃப்டுக்குப் பக்கத்தில் சாதாரணக் கேபின் எடுத்திருந்தோம். துறைமுகத்துக்குள் நுழையும் காலையில் பழைய நினைவோடு அவரை முன்பக்கத்துக்கு அழைத்துப் போனபோது, அங்கே இருந்தது சூட் பயணிகளின் லவுஞ்ச். வாசலில் அட்டையைத் தொட்டுத் திறக்கும் கதவு. உடன் வருபவர்களுக்கு அனுமதி இல்லை என்று ஊழியர் மிகுந்த பணிவோடு சொன்னார். அவர் மீது தவறில்லை, விதி அது. பெரியம்மா கதவின் கண்ணாடி வழியாக உள்ளே எட்டிப் பார்த்தார். அந்தப் பெரிய லவுஞ்சில் அப்போது நான்கு பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் கண்ணாடிக்கு முதுகைக் காட்டியபடி கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்தார். “பரவாயில்லப்பா, நீ போய்ப் பாத்துட்டு வந்து சொல்லு” என்று சொல்லிவிட்டுப் பெரியம்மா திரும்பி நடந்தார். நான் உள்ளே போகவில்லை.

இது என் குடும்பத்து மனத்தாங்கல் என்று நீங்கள் ஒதுக்கிவிடக்கூடும். ஆகவே, ஒப்பிட்டுப் பார்த்ததில் தெரிந்தவற்றையும் சொல்கிறேன்.

2008இல் எம்எஸ்சி ஃபன்டாசியா கப்பலோடு, சூட் பயணிகளுக்கான ‘யாட் கிளப்’ என்ற தனிப்பகுதி வந்தபோது, பெரிய கப்பலுக்குள் சிறிய கப்பலின் அமைதியைக் கொண்டுவரலாம் என்பதை அது நிரூபித்தது. பட்லர் சேவையும், தனி உணவகமும், அந்தப் பகுதிக்குள் கட்டணத்திலேயே அடங்கிவிடும் பானங்களும் சேர்ந்து, ஆயிரக்கணக்கானோர் பயணம் செய்யும் கப்பலில் இருக்கிறோம் என்பதையே மறக்கச் செய்தன. ஆனால் அதன் டாப் செயில் லவுஞ்ச் கப்பலின் முன்பக்க உச்சியில் அமைந்தது. அந்தக் கப்பலின் மிக நல்ல காட்சியும் அதோடு சேர்ந்து உள்ளே போய்விட்டது. பிறகு வந்தவர்கள் பலர் அந்த அமைதியோடு அந்த இடத்தையும் நகலெடுத்தார்கள். செலிப்ரிட்டி எட்ஜ் கப்பல் 2018இல் வந்தபோது ‘ரிட்ரீட்’ என்ற அதன் தனிப்பகுதிப் பயணிகளின் வெயில்தளம் முன்புற மேல்தளத்தில் அமைந்தது. 2019இல் வந்த ஸ்பெக்ட்ரம் ஆஃப் தி சீஸ் கப்பலில் சூட் பயணிகளுக்கென 13ஆம் தளத்திலிருந்து 16ஆம் தளம் வரை முன்பகுதியில் தனிப்பகுதி ஒதுக்கப்பட்டது. எங்கள் மரினா பே முனையத்திலிருந்து புறப்படும் ஜெண்டிங் ட்ரீமின் ‘பேலஸ்’ பகுதியும் முன்புற மேல்தளங்களில்தான் இருக்கிறது. எம்எஸ்சி வேர்ல்டு யூரோப்பா கப்பலில் யாட் கிளப் 152 சூட்களாக வளர்ந்துவிட்டது. தனிப்பகுதி வளர வளர, பொதுவில் இருப்பவர்கள் முன்பக்கத்திலிருந்து மேலும் பின்னுக்குத் தள்ளப்படுகிறார்கள்.

வேறு வழியில்லை என்றால் இவ்வளவு அழுத்திச் சொல்ல மாட்டேன். வேறு வழியை உங்களில் சிலரே கட்டிக் காட்டிவிட்டீர்கள்.

கனார்டு நிறுவனத்தை எடுத்துக்கொள்ளுங்கள். எந்தக் கேபினில் தங்குகிறோமோ அதைப் பொறுத்துத்தான் எந்த உணவகத்தில் சாப்பிடுவது என்ற வகுப்புப் பிரிவினையை இன்றுவரை கைவிடாத நிறுவனம் அது. குயின்ஸ் கிரில், பிரின்சஸ் கிரில் என்ற அதன் உயர்வகுப்புகளின் பயணிகளுக்குத் தனி உணவகம், தனி லவுஞ்ச், பயணம் முழுவதும் அவர்களுக்கென்றே காத்திருக்கும் ஒரே மேசை என எல்லாம் உண்டு. அப்படிப்பட்ட நிறுவனம், 2004இல் ஓடத் தொடங்கிய குயின் மேரி 2 கப்பலில், 9ஆம் தளத்தின் முன்பக்கத்தில் உள்ள கமோடோர் கிளப்பை எல்லோருக்கும் திறந்து வைத்திருக்கிறது. அங்கே உட்கார்ந்து வடக்கு அட்லாண்டிக்கைப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு மாலையில், பக்கத்து நாற்காலியில் இருந்த ஓய்வுபெற்ற செவிலியர் தம்முடையது உட்புறக் கேபின் என்றார். நான் கிரில் பயணி. இருவரும் ஒரே அலையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம். அதனால் என் கிரில் கட்டணத்தின் மதிப்பில் ஒரு காசுகூடக் குறையவில்லை. என் மேசை எனக்காகக் கீழே காத்திருந்தது.

நார்வீஜியன் பிளிஸ் கப்பல் இன்னொரு வழியைக் காட்டியது. 2018இல் அலாஸ்கா பயணங்களை மனத்தில் வைத்து அதைக் கட்டியவர்கள், ‘ஹேவன்’ என்ற சூட் பகுதியின் பயணிகளுக்கு 17ஆம் தளத்தின் முன்பக்கத்தில் ஒரு லவுஞ்சைக் கொடுத்தார்கள். அதற்கு இரண்டு தளம் கீழே, 15ஆம் தளத்தில், முன்பக்கம் முழுவதையும் வளைத்துக்கொண்டு எல்லோருக்குமான பெரிய லவுஞ்சையும் வைத்தார்கள். கண்ணாடிக்கு வெளியே பனிமலை நகரும்போது குழந்தைகளும் முதியவர்களும் அங்கே தரையில்கூட உட்கார்ந்திருந்தார்கள். மேலே இருந்த எங்களுக்கு அமைதி. கீழே இருந்தவர்களுக்குக் காட்சி. முன்பக்கம் ஒருவருக்கு மட்டும் என்று இருக்க வேண்டியதில்லை, தளம் தளமாகப் பகிரலாம் என்பதற்கு இதைவிடச் சான்று தேவையில்லை.

அதே நிறுவனம் 2022இல் நார்வீஜியன் பிரைமாவைக் கட்டியபோது, 107 சூட்கள் கொண்ட ஹேவனையே அமரத்துக்குக் கொண்டுபோய்விட்டது. அங்கே உள்ள நீச்சல் குளத்தின் விளிம்பில் கையை ஊன்றி நின்றால், கப்பல் கடலில் விட்டுச் செல்லும் வெள்ளைத் தடம் அடிவானம் வரை நீண்டு தெரியும். 2024 ஜனவரியில் முதல் பயணம் போன ஐகான் ஆஃப் தி சீஸும் சூட் பகுதியைப் பின்புறம் வைத்தது. முன்பக்க உச்சியில் 363 டன் எடையுள்ள கண்ணாடிக் குவிமாடம் ஒன்றைத் தூக்கி அமர்த்தி, பகல் முழுவதும் எல்லோரும் உட்கார்ந்து கடலைப் பார்க்கும் இடமாக அதை ஆக்கியது. 2,48,663 டன் கொள்ளளவு கொண்ட அந்த ராட்சதக் கப்பலின் ஆரவாரம் எனக்கு ஒத்துவரவில்லை. இருந்தாலும் அந்தக் குவிமாடத்துக்காக அதைக் கட்டியவர்களை மனமாரப் பாராட்டுகிறேன்.

இனி, சூட் பயணிகளின் நலனையே பார்ப்போம். நீண்ட கப்பல் அலையில் ஏறி இறங்கும்போது அதன் நடுப்பகுதி ஓரளவு நிலையாக இருக்கும். இரு முனைகளும்தான் அதிகம் ஆடும். உயரம் கூடக் கூடப் பக்கவாட்டு ஆட்டமும் கூடும். ஆகவே முன்பக்க உச்சி என்பது, கடல் சற்றுக் கொந்தளித்தாலும் வயிறு கலங்கும் இடம். எதிர்காற்றும் அங்கேதான் நேராக மோதும். முன்புற வெயில்தளங்களில் துண்டுகளைக் கிளிப் போட்டுப் பிடித்துவைத்தும் பறந்துபோவதை நான் பார்த்திருக்கிறேன். அதிகக் கட்டணம் வாங்கிக்கொண்டு அதிக ஆட்டமும் அதிகக் காற்றும் உள்ள இடத்தில் எங்களைக் குடிவைக்கிறீர்கள். அமரமும் ஆடும்தான், ஆனால் மேற்கட்டுமானமே காற்றைத் தடுத்துவிடுவதால் அங்கே மாலை நேரத்தில் வெளியே உட்கார்ந்து சாப்பிட முடிகிறது.

முன்பெல்லாம் பின்பகுதியில், கப்பலை உந்தும் விசிறிகளின் அதிர்வு தாங்க முடியாது என்பார்கள்; கண்ணாடிக் குவளைகள் மேசையில் நடந்து போகும் என்று பழைய பயணிகள் சொல்லக் கேட்டிருக்கிறேன். கப்பலுக்கு வெளியே தொங்கும் உறைக்குள் மின்மோட்டாரை வைத்து விசிறியைச் சுழற்றும் அஸிபாட் முறை, 1998இல் கார்னிவல் இலேஷன் வழியாக உல்லாசக் கப்பல்களுக்கு வந்த பிறகு, அந்த அதிர்வு வெகுவாகக் குறைந்துவிட்டது. பின்புறத்தில் புகைக்கரி விழும் தொல்லை இன்னும் சில கப்பல்களில் இருக்கிறது. காலையில் வெள்ளை மெத்தையில் கரும்புள்ளிகளைப் பார்த்திருக்கிறேன். ஐகான், வேர்ல்டு யூரோப்பா போல இயற்கை எரிவாயுவில் ஓடும் கப்பல்களில் அந்தத் தொல்லையும் பெருமளவு இல்லை. அமரத்தைத் தவிர்க்க முன்பு இருந்த காரணங்கள் ஒவ்வொன்றாகத் தேய்ந்து வருகின்றன.

சூட் பகுதியை எது உயர்த்துகிறது என்பதிலும் உங்கள் கணக்கு சற்றுப் பிசகியிருக்கிறது என்று நினைக்கிறேன். நான் மறுபடி மறுபடி பணம் கட்டுவது மனிதர்களுக்காக. முதல் நாள் ஒருமுறை சொன்னதை வைத்துக்கொண்டு, மறுநாள் காலை ஆறு மணிக்குச் சர்க்கரை இல்லாத தேநீரோடு கதவைத் தட்டும் பட்லருக்காக. வரிசையில் நிற்காமல் படகேறிக் கரைக்குப் போவதற்காக. முட்டை சேர்க்காத சைவ உணவு என்றால் என்ன என்று இரண்டாம் முறை விளக்க வேண்டியிராத உணவகத்துக்காக. சூட்களின் எண்ணிக்கையை ஏற்றிக்கொண்டே போய், பட்லர்களின் எண்ணிக்கையை அதற்கேற்ப ஏற்றாவிட்டால் முதலில் கெட்டுப்போவது இதுதான். நான் போன ஒரு கப்பலில், ஒரு பட்லர் எத்தனை அறைகளைப் பார்த்துக்கொள்கிறார் என்று அவரிடமே கேட்டேன். அவர் பதில் சொல்லாமல் சிரித்தார், கண்களில் தூக்கம் இருந்தது. முன்பக்கக் கண்ணாடிக்குச் செலவிடுவதை அவருக்கு உதவியாக இன்னொருவரை அமர்த்துவதில் செலவிட்டால், அந்த வேறுபாட்டை நான் முதல் நாளே உணர்வேன்.

புதிய கப்பல்களுக்கான வரைபடங்கள் உங்கள் மேசைகளில் இப்போதே இருக்கும். அவற்றில் முன்பக்க உச்சியின் ஒரு தளத்தையாவது பொதுவுக்கு ஒதுக்குங்கள். ஓடிக்கொண்டிருக்கும் கப்பல்களை உடைத்துக் கட்டச் சொல்லவில்லை. துறைமுகத்துக்குள் நுழையும் ஒரு மணி நேரம், மலையிடுக்குக் கடலுக்குள் போகும் ஒரு மணி நேரம், பனியாற்றின் முன் நிற்கும் ஒரு மணி நேரம் மட்டும் அந்தக் கதவுகளை எல்லோருக்கும் திறந்துவிடுங்கள். இதற்கும் முன்மாதிரி இருக்கிறது. அலாஸ்காவின் கிளேசியர் பே தேசியப் பூங்காவுக்குள் ஒரு நாளைக்கு இரண்டு உல்லாசக் கப்பல்களுக்கு மேல் அனுமதி இல்லை. அங்கே போகும் ஹாலந்து அமெரிக்கா நிறுவனத்தின் கப்பல்களில் வழக்கமாக மூடியிருக்கும் அணியத் தளத்தையே திறந்துவிட்டு, குளிரில் நிற்பவர்களுக்குச் சூடான பட்டாணி சூப்பைக் கிண்ணங்களில் கொடுப்பார்கள். பெரிய சூட்டில் இருப்பவரும் உட்புறக் கேபினில் இருப்பவரும் ஒரே கைப்பிடிக் கம்பியில் சாய்ந்து அந்தச் சூப்பைக் குடிப்பதை நான் பார்த்திருக்கிறேன். பனிப்பாளம் உடைந்து கடலில் விழும் சத்தம் கேட்டதும் எல்லோரும் ஒரே நேரத்தில் பேச்சை நிறுத்தினார்கள். சூட் பயணிகள் யாரும் அங்கே புகார் சொன்னதாக நான் கேள்விப்படவில்லை.

இன்னொன்றையும் செய்யலாம். நீங்கள் வெளியிடும் தள வரைபடங்களில், கப்பலின் முன்பக்கத்தில் எந்தெந்த இடம் சூட் பயணிகளுக்கு மட்டும், எந்த இடம் எல்லோருக்கும் என்பதைத் தெளிவாகக் காட்டுங்கள். முன்பதிவு செய்யும்போது கேபினின் பரப்பளவையும் பால்கனியின் அளவையும் சொல்கிறீர்கள். கப்பல் போகும் திசையை அந்தப் பயணியால் எங்கிருந்து பார்க்க முடியும் என்பதை மட்டும் சொல்வதில்லை. முதன்முறை கப்பலேறும் ஒரு குடும்பம் கதவின் முன் போய் நின்ற பிறகுதான் அதைத் தெரிந்துகொள்கிறது.

பெரியம்மாவுக்கு இப்போது எண்பத்தொரு வயது. இன்னொரு முறை கடலில் போக வேண்டும் என்கிறார். இம்முறை அறையின் வகையையும் சலுகைகளையும் நான் முதலில் பார்க்கவில்லை. ஒவ்வொரு கப்பலின் தள வரைபடத்தையும் விரித்து, அணியத்தில் பூட்டு இருக்கிறதா என்றுதான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். பூட்டு இல்லாத கப்பலில் எனக்குச் சூட் கிடைக்காவிட்டால், அவருக்குப் பக்கத்திலேயே சாதாரணக் கேபின் ஒன்றை எடுத்துக்கொள்வேன்.

இப்படிக்கு,
நன்றியுடன்,
சிங்கப்பூரிலிருந்து உங்கள் நெடுநாள் பயணி